ஹாஃப் பிளேட் கமராவுக்குப் புது முதுகு

ஜனவரி 5, ஹட்டன்

மூடிப்போன ஸ்டூடியோ ஒன்றில் வாங்கிய மரக் கமராவை இன்று முழுதாகத் துடைத்து முடித்தேன். தோர்ன்டன் பிக்கார்ட், இங்கிலாந்தில் செய்தது. படம் பதியும் கண்ணாடித் தகட்டின் அளவு 4¾ × 6½ அங்குலம், இதைத்தான் ஹாஃப் பிளேட் என்பார்கள். இருட்டறையில் டோர்ச்சை உள்ளே விட்டுப் பார்த்தேன், லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் மடிந்து விரியும் துருத்தியில் ஓட்டை இல்லை. நம்ம ஊர் ஈரத்துக்கு இது பெரிய காரியம்.

இதில் இன்ஸ்டன்ட் படம் எடுக்க வேண்டும். பிலிமைப் பிடித்துக்கொள்ளும் பொலரொய்ட் 405 ஹோல்டரை வாங்கச் சொல்லி ஒரு நண்பர் நச்சரிக்கிறார். வாங்கி என்ன செய்வது? அதற்கான பிலிமைப் பொலரொய்ட் 2008-இல் கைவிட்டது. அதே ஹோல்டரில் ஓடிய ஃபுஜி எஃப்பி-100சி பிலிமும் 2016-இல் நின்றுபோனது. கையில் கிடைப்பது ஃபுஜியின் இன்ஸ்டாக்ஸ் வைட் பிலிம்தான், படம் 99 × 62 மி.மீ. லோமோகிராஃப்லொக் ஹோல்டர் அதை எடுக்கும். இன்னொரு வசதி, இன்ஸ்டாக்ஸில் வெளிச்சம் பின்பக்கமாக விழுவதால் படம் இடம் வலம் மாறாது. பொலரொய்டின் சதுரப் பிலிமை இப்படி நேராக வைத்தால் மாறிவிடும்.

ஜனவரி 8

அந்த லோமோகிராஃப்லொக் ஹோல்டர், 4×5 அங்குலக் கமராக்களின் பின்புறத்தில் ஹோல்டரைப் பூட்டும் கிராஃப்லொக் முதுகுக்குச் செய்தது. கிராஃப்லொக் 1949-இல் வந்தது. என் கமரா அதற்கு மூத்தது. இதில் இருப்பது இரண்டு பள்ளம் மட்டுமே. பலகை ஒன்று செய்துதரத் தச்சு பாஸிடம் போனேன்.

"ஹோல்டர் ஆடாம நிக்கணும், அவ்வளவுதானே தம்பி?"

அவ்வளவு இல்லை பாஸ். நிற்க வைப்பது லேசு, தூரம்தான் வில்லங்கம். இந்த ஹோல்டரில் பிலிம், ஃபோகஸ் பார்க்கும் வழக்கமான கண்ணாடி இருக்கும் இடத்தைவிட 19 மி.மீ. பின்னால் உட்காரும். அந்தத் தூரத்தை ஈடுகட்டவே ஒரு இடைச்சட்டமும் கூடவே வருகிறது. ஃபோகஸ் பார்க்கும்போது அதைக் கண்ணாடிக்கு முன்னால் வைக்க வேண்டும். கமராவோடு வந்த பழைய கண்ணாடியில் பார்த்துவிட்டுப் புதுப் பலகையில் ஹோல்டரை மாட்டினால் கணக்கு உதைக்கும், பலகையின் கனமும் சேர்ந்துவிடும். ஆகவே பழைய கண்ணாடி வேண்டாம். கண்ணாடி, ஹோல்டர் இரண்டுமே ஒரே பலகையில், ஒரே கொக்கியில் மாறி மாறி நிற்கட்டும். அப்போது பலகை அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ, கவலையில்லை. பாஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "அப்ப எனக்கு அளவு லேசு, உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

ஜனவரி 12

சோதனை. மேசையில் அடிமட்டத்தைச் சாய்வாக வைத்து 10 செ.மீ. கோட்டில் ஃபோகஸ் செய்தேன். லென்ஸ் முழுத் திறப்பு, எஃப்/8. திறப்பைச் சுருக்கி எடுத்தால் கூர்மை பரவி ஃபோகஸ் பிழை ஒளிந்துகொள்ளும். படத்தில் 10-தான் கூர்மை. பாஸுக்கு உடனே போன் போட்டேன்.

வெளிச்சம் வேறு கதை. பிலிமின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 800, பழைய திரை ஷட்டரில் எழுதியிருக்கும் உச்ச வேகம் 1/90 விநாடி. நல்ல வெயிலில் திறப்பை எஃப்/45-க்குச் சுருக்க வேண்டும். மூடுபனி வந்தால் எஃப்/22, 1/60. இந்த மலையில் மூடுபனிக்குக் குறையே இல்லை.

ஜனவரி 17, பொகவந்தலாவ

விடியற்காலைக் குளிர். இன்ஸ்டாக்ஸுக்கு 5 முதல் 40 பாகை வரை சரி என்கிறார்கள். ஆனாலும் குளிரில் நிறம் ஏறச் சுணங்கும். படம் வெளியே வந்ததும் சுவெட்டருக்குள் வைத்துக்கொண்டேன்.

வழியில் புனித மரியாள் தேவாலயம். பழைய காலத்து ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் அங்கேதான் அடக்கம். 1875-இல் இலங்கைக்கு வந்தார், 1879-இல் இறந்தார். இங்கேயும் பெரிய கண்ணாடித் தகடுகளில் ஆட்களைப் படம் எடுத்தார். அதில் பலரின் பெயர் எங்கேயும் இல்லை. படம் அவர்கள் கைக்குப் போனதா? எனக்குச் சந்தேகம்தான். இன்றைக்கும் அப்படித்தானே? கொழுந்துக் கூடையோடு நிற்க வைத்து எடுத்துக்கொண்டு வேன் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்!

லயத்து வாசலில் ஓய்வுபெற்ற பாட்டி ஒருவரை உட்கார வைத்தேன். 8 அங்குலக் குவியத் தூர லென்ஸ் இந்தச் சின்னப் படத்துக்கு நீளம். முகத்துக்கு அதுவே நல்லது. படம் தெளிந்ததும் பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது எனக்கா தம்பி?"

"உங்களுக்குத்தான் பாட்டி."

"அப்ப உங்களுக்கு?"

நெகட்டிவ் இல்லை, எனக்கு ஒன்றும் மிஞ்சாது என்றேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. பேத்தியையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, "இன்னொண்ணு எடுங்க, இத நீங்க வச்சுக்கங்க" என்றார். எடுத்தேன். பேத்தி அதையும் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.