ஜே, கே, பி, ஓ, செமிகோலன்

2020இல் ஊரடங்கின்போது இணையவழி வகுப்புகள் தொடங்கின. பொருளாதாரப் பாடக் குறிப்புகளை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று உட்கார்ந்திருந்தேன். பத்து வருடக் குறிப்புகள். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கியவை. அன்றிரவே பார்வையற்ற மாணவர் ஒருவர் அழைத்தார்.

"சார், நீங்கள் அனுப்பியது தமிழ்தானா?"

சுருக்கென்றது. "ஏனப்பா?" என்றேன். ஃபோனை மடிக்கணினிக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக ஓடவிட்டார். "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று இயந்திரக் குரல் ஒப்பித்தது. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க அந்த ஐந்து விசைகளைத்தான் தட்ட வேண்டும். நம் கண்ணுக்குத்தான் அது தமிழ். கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியல்.

அவரிடம் இருந்தது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அதில் என்விடிஏ என்ற, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் இலவசத் திரைவாசிப்பான். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் உருவாக்கியது. தமிழைத் தமிழாகவே கணினிக்குச் சொல்லும் யூனிகோட் முறையில் கொடுத்தால் வாசித்துவிடும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. டிடிபி கடைக்கும் எனக்கும்தான் சேதி எட்டவில்லை.

பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் செயலிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அட்டவணைகள் சிதறிப்போயின. புத்தகத்திலிருந்து படமெடுத்து ஒட்டியிருந்த பக்கங்களை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பாதியை என் மகள் அடித்துக் கொடுத்தாள்.

அதைவிடக் கடினம் என் வாயைத் திருத்துவது. ஒரு வகுப்பின் பதிவைப் போட்டுக் கேட்டேன். "இங்கே பாருங்கள், இது இப்படி வந்து, அங்கே போகிறது." ஒரு நிமிடத்துக்குள் நான்கு 'இங்கே'. கரும்பலகை இருந்த காலத்திலும் இப்படித்தானே பேசியிருப்பேன்? அப்போது பக்கத்து இருக்கை நண்பன் காதில் ஓதியிருப்பான்.

செவித்திறன் குறைந்த மாணவி ஒருத்தியும் வகுப்பில் உண்டு. நேரில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து உதட்டைப் படிப்பவள். டேட்டா மிச்சம் என்று நான் கேமராவை அணைத்து வைத்திருந்தேன். கேமராவைப் போட்டேன், முகத்துக்கு நேரே விளக்கு வைத்தேன், குறிப்பை முதல்நாளே அனுப்பினேன். அவளுக்கு இவை போதுமாக இருந்தனவா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

தேவை வளைகோட்டை வாயால் வரைய மூன்று முறை முயன்றேன். "இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி, வலப்பக்கம் போகப் போகச் சரிகிறது. உயரம் விலை, வலப்பக்கம் எவ்வளவு தள்ளிப் போகிறோமோ, அவ்வளவு வாங்குகிறார்கள்." மறுநாள் அந்தப் பார்வையற்ற மாணவர் அழைத்தார். நான் சொன்னதைக் கேட்டு அவருடைய அக்கா காலண்டர் அட்டையில் சணல் கயிற்றைக் கோடாக ஒட்டிக் கொடுத்திருக்கிறார். அதை விரலால் தடவிப் பார்த்தாராம்.

"சார், இது ஏன் வளைய வேண்டும்? நேராகவே சரிந்தால் என்ன?"

இத்தனை வருடத்தில் அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்த ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "நாளை வகுப்பில் சொல்கிறேன்" என்று ஃபோனை வைத்துவிட்டு, பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.