ஊதாக் கோடு

ஜூன் 3, செவ்வாய்

போர்வை தைக்கிற சட்டத்தின் ஆடுகாலுக்குப் புதுக் கட்டை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நான் வராதபோது நடந்த வேலை. இனி என் முட்டிக்கு ஓய்வு. ரெண்டு மாதமாக அதுதான் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். வீணாகப் போயிற்று.

எதிரே பெரியக்கா பக்கம், இரண்டாவது கட்டத்தில், தையலை ஒட்டி வெறும் ஊசித் துளைகள். வரிசையாக. நெருக்கமாக நெய்த துணியில் தையலைப் பிரித்தால் துளை உடனே மூடாது. கொஞ்சம் தண்ணீர் தெளித்து நகத்தால் நீவிவிட்டால்தான் இழைகள் மறுபடி சேரும். யாரோ பிரித்துத் தைத்திருக்கிறார்கள். தெளிக்க மறந்திருக்கிறார்கள்.

குனிந்து பார்த்தேன். தரையில் வெள்ளை நூல் துணுக்குகள் நான்கைந்து. எல்லாம் அரை இஞ்சுக்குள்.

ஜூன் 4

போன் வரவில்லை. பத்து நாள் ஆகும் என்றுதான் சொன்னார்கள். இருந்தாலும் குளிக்கப் போகும்போது கையோடு எடுத்துப் போனேன்.

ஜூன் 5, வியாழன்

ராத்திரி முழுக்க அந்தத் துளைகள்தான்.

ஏழு பேர் ஒரே போர்வையைத் தைக்கிறோம். துணி ஒன்று, நூல் ஒன்று, ஊசியும் அதே குட்டை ஊசி. ஆனாலும் எது யார் கை என்று எனக்குத் தெரியும். கையெழுத்து மாதிரிதான் அது. டீச்சருக்கு இஞ்சுக்குப் பதினொரு தையல், ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி. போர்வையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாலும் அதே பதினொன்று. சின்னவளுக்கு எட்டு. ஆரம்பத்தில் எட்டு, கோடு முடிவதற்குள் ஆறாகிவிடும், அவள் பேச்சு மாதிரியே. எனக்கு ஒன்பது. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. பெரியக்காவுக்குப் பத்து இருந்தது.

இருந்தது என்று எழுதிவிட்டேன். ஒரு வருஷமாக அவர் கை நடுங்குகிறது. மடியில் வைத்திருக்கும்போது இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி உரசிக்கொண்டே இருக்கும். எல்லோரும் பார்க்கிறோம், எல்லோரும் ஜன்னலைப் பார்க்கிறோம்.

ஆக, அவர் தையல் கெட்டுவிட்டது. யாரோ அவருக்குத் தெரியாமல் பிரித்துத் திருத்துகிறார்கள். பழைய காலத்து அமெரிக்கக் கூட்டுத் தையல்களைப் பற்றிப் படித்தால் இந்தக் கதை அடிக்கடி வரும்: எல்லோரும் கிளம்பிப் போனபிறகு வீட்டுக்காரி உட்கார்ந்து, சரியில்லாத தையலை எல்லாம் பிரித்துத் தானே தைத்துவிடுவாளாம். படிக்கும்போது சிரிப்பு வரும். பெரியக்காவுக்கு நடந்தால் வரவில்லை. எனக்கெல்லாம் ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவரிடம் முகத்துக்கு நேரே சொல்ல தைரியமில்லாமல் இருட்டில் வந்து திருத்துகிறவர் யார்?

என் பக்கம் யாரும் கை வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விரல் ஓட்டிப் பார்த்தேன், சீராகத்தான் இருக்கிறது. இப்படியொரு மாதத்தில் இவ்வளவு நன்றாகத் தைத்திருக்கிறேனே என்று எனக்கே ஆச்சரியம்.

ஜூன் 6, வெள்ளி

முதல் ஆளாகப் போனேன். சாவி வாங்கி, விளக்கைப் போட்டு, நேராக எதிர்ப்பக்கம்.

மூன்றாவது கட்டத்தில் ஊதாக் கோடு!

காற்றில் அழிகிற பேனா அது. வளைவுகளை அதில் வரைந்துகொண்டு, அது மறைவதற்குள் தைத்துவிட வேண்டும். சாக்பீஸ் தூசி ஆகாது என்று டீச்சர்தான் அந்தப் பேனாவுக்கு மாற்றினார். செவ்வாய்க்கிழமை நாங்கள் வரைந்த கோடு ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. இது மட்டும் பளிச்சென்று இருந்தது. பாதி தைத்து, பாதி விட்டு.

டீச்சர் வரும் சத்தம் கேட்டு என் நாற்காலிக்கு ஓடி வந்துவிட்டேன். குற்றவாளி நான்தான் போல.

ஜூன் 7, சனி

நேற்று ராத்திரி ஏழு மணிக்கு ஒரு வெள்ளைத் துண்டில் ஊதாக் கோடு போட்டு மேசையில் வைத்தேன். இன்றைக்குக் காலை ஆறு: அப்படியே. மதியம்: கொஞ்சம் ரோஸ். ராத்திரி பதினொன்று: விளக்குக்கு நேரே பிடித்தால் தெரிகிறது, இல்லையென்றால் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு, அதிகாலை 2 மணி

போய்விட்டது. முப்பத்தொரு மணி நேரம்.

காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் சீக்கிரம் மறையும் என்கிறார்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்தக் கோடு வியாழக்கிழமைதான் போட்டது. வியாழக்கிழமை எங்களுக்குக் கூட்டமே இல்லை.

இடது பக்கம் படுக்க முடியவில்லை. கட்டுப் போட்ட இடம் இழுக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

சின்னவளிடம் மட்டும் சொன்னேன். தப்புதான். அவளுக்கு இது திருவிழா ஆகிவிட்டது. கள்ளநோட்டு பார்க்கிற நீல விளக்கை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். புது நூலில் தைத்திருந்தால் அந்த விளக்கில் வேறு மாதிரி மின்னும், பழங்காலப் போர்வையில் பிற்பாடு ஒட்டுப் போட்டதை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களாம். அது உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். எங்கள் போர்வையில் எல்லாமே புதுசு என்பதை ரெண்டு பேருமே யோசிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தி விளக்கைப் போட்டால் போர்வை மொத்தமும் நீலமாக எரிந்தது. அந்த நேரம் பார்த்து டீச்சர் கதவைத் திறந்தார். எல்லாவற்றையும்விட அவர் சட்டைக் காலர்தான் அதிகமாக எரிந்தது. வெண்மைக்காகச் சோப்புத் தூளில் கலக்கும் சாயம் செய்கிற வேலை. "என்ன நடக்குது இங்க?" என்றார். சின்னவள் சிரித்துச் சிரித்து வெளியே போய்விட்டாள். நான் மாட்டிக்கொண்டேன்.

சமாளிக்க, பழைய போர்வைகளில் வேண்டுமென்றே ஒரு தப்பு விடுவார்களாமே, அதைத் தேடினோம் என்றேன். அதற்கு ஒரு வகுப்பு எடுத்தார். கடவுள் ஒருவர்தான் குறையில்லாதவர், அதனால் ஒரு கட்டத்தை மாற்றித் தைப்பார்கள் என்பதெல்லாம் பிற்காலத்துக் கட்டுக்கதையாம். "தப்பு தானா வரும். அதுக்கு நாம வேற வேணும்னு ஒண்ணு விடணுமா?"

பெரியக்கா தலை நிமிரவில்லை. தைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது கட்டம் இன்றைக்கு முழுசாக இருந்தது, இஞ்சுக்குப் பத்து. இந்த முறை தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்.

ஜூன் 11

இல்லை.

ஜூன் 12, வியாழன்

சாயந்திரம் அந்த அறைப் பக்கமாகப் போய் ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று கிளம்பினேன். செருப்பு மாட்டியபிறகு, போன் வந்துவிட்டால் தெருவில் நின்று பேச வேண்டுமே என்று கழற்றிவிட்டேன்.

அதற்குப் பதிலாகப் படித்தேன். 1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் ஒரு போர்வைப் போட்டி நடத்தியது. இருபத்து நாலாயிரத்துக்கு மேல் போர்வைகள் வந்தன. நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம், முதல் பரிசு ஆயிரம் டாலர். கென்டக்கிக்காரி ஒருத்திக்குக் கிடைத்தது. அந்தப் போர்வையில் அவள் ஒரு தையல்கூடப் போடவில்லை. கூலிக்கு ஆள் வைத்துத் தைத்து வாங்கியது. தைத்த பெண்களுக்குப் பரிசில் காலணா இல்லை. கிடைக்கிற கூலியும் போய்விடும் என்று வாயைத் திறக்காமலே இருந்துவிட்டார்கள். போர்வை அப்போதைய ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசாகப் போனது, அப்புறம் அது எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை.

போர்வை தொலைந்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பரிசு அறிவித்த அன்றைக்கு அந்தப் பெண்கள் எங்கே உட்கார்ந்து என்ன தைத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

போன் வந்தது. கடன் வேண்டுமா என்று கேட்டான். கத்திவிட்டேன். பாவம், சின்னப் பையன் குரல்.

கூட்டத்துக்குப் போகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பத்து நாள் எப்போதோ தாண்டிவிட்டது. நானே கூப்பிட்டேன். "வந்ததும் சொல்றோம்மா." விடுமுறை நாளில் எதற்குக் கூப்பிட்டாய் என்று அந்தக் குரலில் இருந்தது.

போர்வைகளைப் பற்றிப் படிப்பதை நிறுத்த வேண்டும். எய்ட்ஸில் போனவர்களுக்காகத் தைத்த போர்வையை 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதல்முறை தரையில் விரித்தார்கள், அன்றைக்கு 1,920 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி. ஏன் அந்த அளவு என்று யாரும் விளக்கவே வேண்டாம். எழுந்து போய் முகம் கழுவினேன். பிறகு கட்டிலை அளந்தேன். எதற்கென்று தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்

சாவிப் பதிவேடு என்று ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் உறைத்தது. ரெண்டு வாரம் பேனா, நீல விளக்கு என்று அலைந்திருக்கிறேன், சாவி வாங்கும்போதெல்லாம் அதில்தான் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் பின்னால் திருப்பியிருந்தால் போதும்.

ஜூன் 2, திங்கள். ஜூன் 5, வியாழன். ஜூன் 9, திங்கள். ஜூன் 12, வியாழன். நாலும் ஒரே கையெழுத்து, கோடு நடுங்கி நடுங்கி. பெரியக்கா.

தன் தையலைத் தானே பிரித்துத் தைக்கிறார், பாவம் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. அதே முகத்தோடு போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். கண்ணில் நீரோடு கோர்த்தால் நூல் நுழையுமா? ஊசி கீழே விழுந்தது. குனிந்து தேடினேன்.

புதுக் கட்டை என் பக்கம் இல்லை. எதிர்ப்பக்கம், பெரியக்கா முட்டிக்குப் பக்கத்தில், ஆணித்தலை மின்னிக்கொண்டு நிற்கிறது.

சட்டத்துக்கு அடியில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. "கிடைச்சுதா?" என்று டீச்சர் கேட்டார்.

ஆடுகால் என் பக்கம் இருந்தது. மே மாதம் பூராவும் என் முட்டிதான் அதைத் தாங்கியது. ஆணி அடிக்க வெளியே தூக்கிப் போனவர்கள் உள்ளே கொண்டுவரும்போது முன்பின்னாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே டிசைன், யாருக்கும் தெரியப்போவதில்லை. பெரியக்கா முன்னால் கிடந்து, துளை துளையாகப் பிரிக்கப்பட்டதெல்லாம் நான் தைத்தது. என் முன்னால் கிடந்து, நான் விரல் ஓட்டி மெச்சிக்கொண்டது அவர் தைத்தது.

எல்லார் கையும் தெரியுமாம் எனக்கு.

ஜூன் 18

எழுத ஒன்றுமில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

போனேன். சாவி ஏற்கெனவே எடுத்திருந்தது. கதவைத் தட்டாமல் திறந்தேன்.

பெரியக்கா பிரிக்கிற ஊசியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை மறைக்கவில்லை. "விளக்கை இப்படித் திருப்பு" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையையே பார்த்தேன். மடியில் நடுங்குகிற அதே கை ஊசி ஏறியதும் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தையலாக முள் எடுக்கிற மாதிரி நூலைத் தூக்கி அறுத்தார். வரி முடிந்ததும் புது நூலில் முடிச்சுப் போட்டு, ஊசியை உள்ளே விட்டு ஒரு சுண்டு. டப். முடிச்சு மேல்துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இனி அதை யார் தேடினாலும் கிடைக்காது.

"உனக்கு எப்பவும் ஒன்பது வரும்" என்றார். "மே பாதியிலேர்ந்து அஞ்சு, நாலு. இங்க பாரு, இந்த இடத்துல அடித்துணியில பிடிக்கவே இல்ல. மேலாப்ல போயிருக்கு."

"கேட்டிருக்கலாமேக்கா."

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

சொல்லவில்லை. வாய்வரை வந்தது. அதற்குப் பதிலாக, டீச்சர் இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "அவளா? அவதான் பேனா குடுத்தா."

ஒரு கட்டத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார். ஓரத்தில் இருப்பது, தையல் கோணிக்கொண்டு போகிறது. ஏன் என்றேன். "அது நல்லாத்தான் இருக்கு" என்றார். நல்லாவே இல்லை. கட்டத்தை எண்ணி, நாளை எண்ணிப் பார்த்தேன். மே 16. கட்டி முதன்முதல் கையில் தட்டுப்பட்ட மறுநாள்.

ஜூன் 20, வெள்ளி

இஞ்சுக்கு ஏழு.

ஜூன் 24, செவ்வாய்

11:40-க்கு போன் அடித்தது. அந்த நம்பர்தான். தோல் விரலுறையை மாட்டிக்கொண்டே திரையைத் தேய்த்தேன், எடுக்கவில்லை. மறுபடி தேய்த்தேன். எல்லோரும் ஊசியை நிறுத்திவிட்டார்கள். சட்டத்துக்கு மேலாக எட்டி, பெரியக்கா என் விரலிலிருந்து உறையை உருவினார்.