செவ்வாய் இரவுக்கு ஆள் வேண்டும்

2024 அக்டோபர் 6, ஞாயிறு. கோத்தகிரி

இன்று ஒரே மதியத்தில் மூன்று குடும்பங்கள் சாப்பாடு கொண்டுவந்தன: ஒன்று பேரனின் பிறந்தநாளுக்கு, ஒன்று மணநாளுக்கு, மற்றொன்று தந்தையின் நினைவுநாளுக்கு. இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் எங்கள் இல்லத்தில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களில் பருக்கையை மென்று விழுங்கக்கூடியவர்கள் நால்வர்தான். பாயசம் மட்டும் இரண்டு வாளி மிஞ்சிற்று. கொடுக்க வந்தவர்களின் முகம் வாடக் கூடாது என்று இல்லப் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, மாலையில் பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பரிமாறினார்.

கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால், தொண்டராக வந்த முதல் வாரமே முறைப்பட்டியல் எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. இந்த மாதப் பட்டியலில் ஞாயிறு பகலுக்குப் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. செவ்வாய் இரவுக்கு ஒரு பெயர்கூட இல்லை. நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் விழுந்துவிடும். இரவுப் பணியில் இருக்கும் ஒரே செவிலி அதைத் தனியாகச் செய்ய முடியாது. மக்களுக்கு மனமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கோத்தகிரியில் இருட்டிய பிறகு ஒருவரை நடந்து வரச் சொல்வது, கரடியும் காட்டெருமையும் உலவும் பாதையில் அவரை இறக்கிவிடுவதற்குச் சமம். இந்தக் குறிப்புகளை எல்லோரும் படிக்கும்படி எழுதத் தொடங்கியதே அந்த ஒரு காலிக் கட்டத்துக்காகத்தான்.

அக்டோபர் 12, சனி

அக்டோபர் மாத இரண்டாம் சனிக்கிழமை, இறுதிக்கால நோயாளிகளின் பராமரிப்புக்கான உலக நாள். இவ்வாண்டு விஜயதசமியும் அதே நாளில் வந்தது. ஒரு சங்கத்தார் பதாகையோடு வந்தார்கள். ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று பிஸ்கட் பொட்டலம் கொடுப்பதுபோலப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஏழாம் கட்டிலில் இருக்கும் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பொறுக்க மாட்டாமல் வெளியே போய் நின்றேன்.

அவர்கள் போன பிறகு சிஸ்டரிடம் என் எரிச்சலைக் கொட்டினேன். அவர் பதில் சொல்லாமல் கிடங்கைத் திறந்து காட்டினார். பெரியவர்களுக்கான டயப்பர் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மூன்று மாதத்துக்குப் போதும், எல்லாம் அதே சங்கத்தார் தந்தவை. "படம் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டியவள் நான். அது என் தப்பு, அவர்களுடையது இல்லை, ஐயா" என்றார். ஒரு தட்டியில் 'கட்டிலருகே படம் எடுக்க வேண்டாம்' என்று எழுதி வாசலில் மாட்டினேன். கோபம் முழுவதும் தணிந்துவிடவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இத்தகைய வலி தணிப்பு மருத்துவத்தை எல்லா நாடுகளும் பொதுச் சுகாதாரத்தின் பகுதியாக்க வேண்டும் என்று உலகச் சுகாதாரப் பேரவை தீர்மானம் நிறைவேற்றிப் பத்தாண்டுகள் ஆகின்றன. அதே 2014இல்தான் நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. அதற்கு முன்பு பல மாநிலங்களில் ஒரு மருத்துவமனை, அபினிலிருந்து வரும் வலி மருந்தான மார்ஃபினை வாங்கப் பல துறைகளின் உரிமங்களுக்காக அலைய வேண்டியிருந்தது. ஒன்றைப் பெறுவதற்குள் மற்றொன்று காலாவதியாகும். இப்போது ஓர் அங்கீகாரம் போதும். இல்லத்தில் மார்ஃபின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது; ஒவ்வொரு மாத்திரைக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. அந்தப் பதிவேட்டின் ஒழுங்கைப் பார்த்தபோது என் பழைய கணக்குப் புத்தி நிம்மதி அடைந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

வேறு யாரும் கிடைக்காததால் என் பெயரையே எழுதிக்கொண்டு இரவு தங்கினேன்.

மூன்றாம் கட்டிலுக்குப் போன வாரம் ஒரு தாத்தா வந்திருக்கிறார். புராஸ்டேட் சுரப்பிப் புற்று எலும்புக்குப் பரவிவிட்டது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின். இரவு பத்து மணிக்கு மட்டும் இரட்டிப்பு அளவு, அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்பாமல் தூங்க விடுவதற்காக. அதோடு மலமிளக்கியும் தவறாமல் உண்டு, ஏனெனில் மார்ஃபின் சாப்பிடுபவருக்கு மலச்சிக்கல் வந்தே தீரும். ஆனாலும் அவர் தூங்கவில்லை. ஒன்றரை மணிக்கு, "தம்பி, கொஞ்சம் தேத்தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். அறுபத்து மூன்று வயதில் என்னைத் தம்பி என்று அழைக்க இன்னும் ஒருவர் இருக்கிறார். தேத்தண்ணி என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் எந்தப் பக்கத்துக்காரர் என்பது விளங்கிவிட்டது.

மருந்து கொடுப்பது தொண்டரின் வேலையன்று. புரட்டிப் படுக்க வைக்கக் கை கொடுப்பது, வறண்ட உதட்டை நனைப்பது, வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் காலடியில் வைப்பது, ஏதாவது மாறினால் செவிலியை எழுப்புவது, இவ்வளவுதான். ஆறாயிரம் அடி உயரத்துக் குளிரில் வெந்நீர்ப் பையை மட்டும் விடிவதற்குள் நான்கு முறை நிரப்பினேன்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. இனிப்புப் பெட்டிகள் பதினான்கு வந்துள்ளன. அவற்றைப் பற்றி இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் 1964 அக்டோபர் 30. இன்றோடு அறுபது ஆண்டுகள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதென்று இரு நாட்டுப் பிரதமர்களும் எழுதிக் கொண்ட கணக்கில் தாத்தாவும் ஒருவர். அங்கே அட்டன் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து, இங்கும் கொழுந்துக்கூடையைச் சுமக்கும் வாழ்க்கையே அவருக்கு வாய்த்தது. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் பந்தலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் தினக்கூலியாகக் கொழுந்து பறிக்கிறார்.

இரண்டு வாரத்தில் மாத்திரையின் அளவைக் கூட்டியும் வலி அடங்கவில்லை. வழக்கமான வேளைகளுக்கு இடையில் வலி தாங்காமல் கேட்டால் கொடுக்கும் கூடுதல் மாத்திரை நாளொன்றுக்கு நான்காகிவிட்டது. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் 'முழு வலி' என்று ஒன்றைச் சொல்வார் என்று சிஸ்டர் விளக்கினார். அந்த அம்மையார் செவிலியாக, பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராக, பிறகு மருத்துவராகப் பணியாற்றியவர் என்பதால், எலும்பில் உள்ள வலியையும் வீட்டுக் கவலையில் உள்ள வலியையும் பிரித்துப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

தாத்தா கேட்பது மகளை. மகள் வந்து போக மூன்று பேருந்து மாற வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தந்தையோடு இரண்டு வாரம் தங்குவது என்றால் அவர் வீட்டு அடுப்பு எரியாது.

நவம்பர் 3, ஞாயிறு

விடாத மழை. மின்சாரம் மதியமே போயிற்று. ஐந்தாம் கட்டில்காரருக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓட வேண்டும். இன்வெர்ட்டர் இரவு தாங்காது என்று சிஸ்டர் சொன்னதும், காய்கறி வண்டி ஓட்டும் தம்பி தன் ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, ஜெனரேட்டரை ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். காரட்டுக்கு நீர் இறைப்பதற்காக அவர் வைத்திருப்பது. ஞாயிறு பட்டியலின் பதினொரு பேரில் இன்று வந்தவர்கள் இருவர்.

நவம்பர் 6, புதன்

மாலையில் கூட்டம். தாத்தாவின் மகளுக்கு இரண்டு வாரக் கூலியை நன்கொடையிலிருந்து கொடுக்கலாமா என்று சிஸ்டர் கேட்டார். எதிர்த்தவன் நான்தான். மருந்துக்கும் படுக்கைக்கும் என்று வாங்கிய பணத்தை உறவினரின் கூலிக்குக் கொடுத்தால் எந்தத் தலைப்பில் எழுதுவது, நாளை எல்லா வீட்டாரும் கேட்டால் என்ன செய்வது என்று வாதிட்டேன். என் வாதத்தில் பிழை இருந்ததாக இப்போதும் நினைக்கவில்லை.

சிஸ்டர் பயிற்சி பெற்றது கோழிக்கோட்டில். அங்கே 1993இல் ஒரு சிறு புறநோயாளிப் பிரிவாகத் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவம், அடுத்த பத்தாண்டுக்குள் மலப்புரம் மாவட்டத்து ஊர்களுக்குப் பரவியது. நம் நாடுகாணியிலிருந்து மலையிறங்கினால் வரும் நிலம்பூரும் அவற்றில் ஒன்று. கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், மாணவர் என்று ஊரார் சிறுசிறு தொகையாகச் சேர்த்து, நோயாளிக்கு மருந்து தருவதோடு அவர் வீட்டுக்கு அரிசியும் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவும் கொடுத்தார்கள். "அங்கே யாரும் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை" என்று சிஸ்டர் சொன்னபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

ஆயினும் தலைப்பு வேண்டும். எனவே வேறொரு வழி சொன்னேன். என் பழைய தொழிற்சாலைக்குக் கொழுந்து போடும் சிறு விவசாயிகளிடம் மாதம் பத்து ரூபாய் பிடித்தம் கேட்பது. அதைத் தனிப் பேரேட்டில் 'துணையிருப்போர் செலவு' என்று எழுதுவது. பச்சைத் தேயிலையின் விலை கிலோ இருபது ரூபாயைச் சுற்றித் தடுமாறும் காலத்தில் கேட்கவே கூச்சமாக இருந்தது. கொள்முதல் நிலையத்தில் எடை போட நின்றவர்களிடம் கேட்டேன். நாற்பத்து மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். ஒரு பாட்டி மட்டும், "பத்து ரூபாய்க்கு எதற்கு இவ்வளவு பேச்சு?" என்று கடிந்துகொண்டார்.

நவம்பர் 10, ஞாயிறு

மகள் வந்துவிட்டார். ஊட்டிக்குக் காய்கறி இறக்கப் போன வண்டி அவரைத் திரும்பும் வழியில் ஏற்றிக்கொண்டு வந்தது. தந்தையும் மகளும் முதல் அரை மணி நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு வீட்டு ஆடு குட்டி போட்டதைப் பற்றிப் பேசினார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

செவ்வாய் இரவுக்கு இருவர் கிடைத்திருக்கிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற கிராம உதவியாளர், மற்றவர் கல்லூரியில் படிக்கும் பெண். காய்கறி வண்டித் தம்பி இரவு எட்டு மணிக்கு அவர்களை வீட்டு வாசலில் ஏற்றி வந்து, அதிகாலை மேட்டுப்பாளையம் சந்தைக்குக் கிளம்பும்போது திரும்ப இறக்கிவிடுகிறார். இத்தனை நாள் நான் தேடியது ஆளை. தேட வேண்டியிருந்தது வண்டியை.

புதியவர்களுக்குச் சனிக்கிழமைகளில் பயிற்சி நடக்கிறது. கேரளத்தில் பதினாறு மணி நேர வகுப்பும் அதன்பின் நோயாளிகளின் வீடுகளுக்கு உடன் சென்று பழகுவதும் உண்டு. நாங்கள் அதே அளவை நான்கு சனிக்கிழமைகளாகப் பிரித்துக்கொண்டோம். கட்டிலில் உட்காராமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது, புண்ணின் நாற்றத்துக்கு முகம் சுளிக்காமலிருப்பது, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் அந்த நாற்றம் அடங்கும் என்று தெரிந்துவைத்திருப்பது எல்லாம் எளிதில் பழகிவிடுகின்றன. பழகக் கடினமானது, 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லாமல் இருப்பது. கிராம உதவியாளர் முதல் இரவிலேயே அதை மூன்று பேரிடம் சொல்லிவிட்டு, காலையில் என்னிடம் வந்து ஒப்புக்கொண்டார். ஆனால் தாத்தாவின் முதியோர் உதவித்தொகை மூன்று மாதமாக நின்று கிடந்ததைக் கண்டுபிடித்து, அந்த ஆயிரத்து இருநூறு ரூபாய்க்காக மனு எழுதியவரும் அவர்தான்.

பதிவேட்டைப் புரட்டினேன். தாத்தாவின் வழக்கமான அளவு குறையவில்லை. இடையில் கேட்கும் கூடுதல் மாத்திரை மட்டும் நான்கிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. சில நாள்களில் அதுவும் இல்லை. மகளின் வருகைதான் காரணம் என்று கணக்கெழுதுகிறவன் சொல்லக் கூடாது, மருந்தின் அளவையும் இடையில் மாற்றினார்கள். ஆயினும் அந்தப் பக்கத்தை இரண்டு முறை பார்த்தேன்.

நவம்பர் 28, வியாழன்

தாத்தா அதிகாலை நான்கு மணிக்குப் போய்விட்டார். நேற்று மாலையிலிருந்தே தொண்டையில் களகளவென்ற ஒலி. மூச்சு திணறுகிறாரோ என்று மகள் பதறியபோது, விழுங்க முடியாத எச்சில் அங்கே தேங்குவதால் எழும் ஓசை அது, தாத்தாவுக்கு அது தெரியாது என்று சிஸ்டர் பொறுமையாகச் சொல்லி, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கடைசியாக உதட்டில் நனைத்தது தேத்தண்ணிதான். மகளே பஞ்சில் தோய்த்து வைத்தார்.

மனைவியைப் புதைத்த இடத்திலேயே புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நூறு கிலோமீட்டருக்கு மேல். வண்டித் தம்பி இன்றைய லோடைத் தள்ளிவைத்துவிட்டுக் கிளம்பினார். டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். தேயிலைப் பேரேட்டின் முதல் செலவு மகளின் கூலி, இரண்டாவது இது.

டிசம்பர் 4, புதன்

மூன்றாம் கட்டிலின் காற்று மெத்தையைச் சோப்புக் கரைசலால் துடைத்து வெளியே போட்டோம். வெயிலே இல்லாததால் உலர இரண்டு நாளாயிற்று. மோட்டாரின் குழாய் ஓரிடத்தில் கசிந்தது. சைக்கிள் கடையில் ஒட்டு போட்டு வாங்கி வந்தேன்.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தொண்டர், ஒரு ஹட்டியில் பக்கவாதத்தால் படுத்த மூதாட்டிக்கு முதுகு சிவக்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். அவர்கள் இல்லத்துக்கு வர மாட்டார்கள். வர வேண்டியதும் இல்லை. மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றினோம். மோட்டாரை எந்தப் பக்கம் மாட்டுவது, காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக அந்தக் கல்லூரிப் பெண்ணும் கூடவே போயிருக்கிறாள். அவள் திரும்பி வந்தால்தான் வரும் செவ்வாய்க்கு அவள் பெயரை எழுதலாமா என்று கேட்க முடியும்; அடுத்த வாரம் அவளுக்குத் தேர்வு.