நான் சொன்ன "ஆமாம்மா"

"மூச்சை மெஷின் விடுது, சரி தம்பி. நெஞ்சு துடிக்குதே, அதையும் மெஷினா ஓட்டுது?"

"ஆமாம்மா" என்றேன், மூளைச்சாவு அடைந்த மகனின் கட்டிலருகே இருந்த அந்தத் தாயிடம்.

அது உண்மையில்லை. மூளைச்சாவு அடைந்தவரின் உடலில் வென்டிலேட்டர் செய்வது நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுவது மட்டும்தான். இதயம் தானாகத் துடிக்கிறது. துடிப்பதற்கான மின்தூண்டல் அதற்குள்ளேயே பிறக்கிறது. ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கும்வரை அது மூளையின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. அதனால்தான் அந்த இதயத்தை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தவே முடிகிறது. உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் வேலையில் சேர்ந்த புதிதிலேயே படித்த பாடம் இது. தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல வழியில்லை.

அன்று மூளைச்சாவை உறுதிசெய்யும் இரண்டாவது பரிசோதனையும் முடிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 6 மணி நேரம் விட வேண்டும், விட்டார்கள். கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். வென்டிலேட்டரைக் கழற்றி, தானாக மூச்சு எடுக்கிறானா என்று பார்த்தார்கள். எடுக்கவில்லை. 4 மருத்துவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பையன் இறந்துவிட்டான் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. "தானா துடிக்குதும்மா" என்றிருந்தால் அவர் காதில் "உயிரோட இருக்கான்" என்றுதான் விழுந்திருக்கும். பெற்ற மனதுக்கு அந்த நப்பாசையைக் கொடுப்பது இன்னும் பெரிய கொடுமை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அவர் என்னிடம் ஆறுதல் கேட்கவில்லை. மூச்சு வேறு, துடிப்பு வேறு என்று பிரித்துக் கேட்டார். பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மா விரல் வைத்தது, இந்த விஷயத்தில் அறிஞர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் இடத்தில். நம் ஊரில் காலங்காலமாக நாடி அடங்கினால்தான் சாவு. மூளைத்தண்டு செயலிழப்பதையும் இறப்பு என்று இந்தியச் சட்டம் ஏற்றது 1994இல். சட்டம் மாறியது, கை நாடி பார்க்கும் பழக்கம் மாறவில்லை. அவர் கேட்டபோது அவருடைய விரல்கள் மகனின் மணிக்கட்டில்தான் இருந்தன.

தானத்தைப் பற்றி நான் வாயே திறக்காத நேரம் அது. சம்மதம் வாங்குவதற்காகச் சொன்ன பொய்யில்லை என்று அடித்துச் சொல்வேன். அப்புறம் யோசித்தால், அடுத்த அரைமணியில் என்ன பேசப் போகிறேன் என்பது எனக்குத் தெரியும்தானே? அவருக்குத் தெரியாது.

சம்மதித்தார். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை தரப்படுகிறது. இவனுக்கும் அதிகாரி வந்து மாலை வைத்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா எடுத்துச் சொன்னீங்க தம்பி" என்றார். அந்த வார்த்தையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இப்போது யாராவது கேட்டால் மறைப்பதில்லை. "இதயம் அதுவாத்தான் துடிக்குது. மெஷினை எடுத்துட்டா கொஞ்ச நேரத்துல அதுவும் நின்னுரும். மூளை திரும்பி வராது" என்கிறேன். இப்படிச் சொன்ன முதல் குடும்பம் மறுத்துவிட்டது. என் பதிலாலா, ஏற்கெனவே எடுத்திருந்த முடிவா, கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம். காலையில் காத்திருப்போர் பட்டியலைத் திறந்தேன். டயாலிசிஸில் இருப்பவர்களின் பெயர்கள் முந்தின நாள் இருந்த வரிசையிலேயே இருந்தன.