கிளினிக் நாள்

இன்று மாமிக்கு உளநலக் கிளினிக். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கே எழும்பினோம். 2007இல் யுத்தத்தின் செல்லடிக்குள் ஊரைவிட்டு ஓடிய நாளில் இருந்து அவவுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. முதலில் நூல் கட்டினோம், பிறகுதான் டொக்டர். (மந்திரத்துக்குப் பேர்போன மட்டக்களப்பார் வேறு என்ன செய்வார்கள் என்று சிரிக்க வேண்டாம். நூல் கட்டுகிறவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், உளமருத்துவர் வாவிக்கு அங்கால்.)

மூன்று மணி நேரம் இருந்து, டொக்டரோடு பேசியது ஐந்து நிமிடம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வரிசை வாசல் வரை நின்றது. சுனாமிக்குப் பிறகு சாதாரண வைத்தியர்களுக்கே உளநலத்தில் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். நல்ல வேலைதான். ஆனால் அவர்களும் இடமாற்றம் கிடைத்தால் போய்விடுவார்கள். மாமி புது ஆளிடம் 2007இல் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும். இன்று அவ தொடங்கவே இல்லை. “அதே குளிசையைத் தாங்க” என்று மட்டும் சொன்னா.

தேசிய உளநல உதவி எண் 1926க்கு எடுத்தால் எந்த நேரமும் பேசலாம், இலவசம். சொன்னேன். எங்கள் பக்கம் சிக்னல் வருவது சந்திக் கடைக்கு முன்னால் மட்டும்தான். “அங்க நிண்டு அழச் சொல்றியா மனே?” என்றா.