54 கிராம் கோணல்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை முழுங்கிவிட்டு, நேற்று சாயங்காலம்தான் என் ரிமோட் கன்ட்ரோல் கார் இடதும் வலதும் ஒரே மாதிரி திரும்பியது. இத்தனை நாள் பழியை டயர், ஷாக், சக்கரத்தைத் திருப்பும் செர்வோ மோட்டார் என்று கண்டதன் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். குற்றவாளி திருகுத் தலை உட்காரும் பள்ளம். அதுவும் நானே, என் கையால் போட்ட பள்ளம்.

வண்டி 1/10 டூரிங், அதாவது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு. பெல்ட் டிரைவ், வீல்பேஸ் 257 மி.மீ., அகலம் 190. அடித்தட்டும், அதற்கு மேலே வரும் டாப் டெக் என்ற மேல்தட்டும் என் டிசைன். பல்க்ஹெட் (இரண்டு தட்டுக்கும் நடுவே நிற்கும் தாங்கிகள்), சஸ்பென்ஷன் ஆர்ம், டிஃபரென்ஷியல், ஷாக் எல்லாம் பெங்களூர் நண்பர் ஒருவர் விற்ற பழைய வண்டியிலிருந்து கழற்றியவை. 2.25 மி.மீ. கார்பன் ஃபைபர் தட்டு, 17.5 டர்ன் மோட்டார், 2எஸ் லிப்போ பேட்டரி. தட்டை வெட்டிக் கொடுத்தது கோவையில் ரூட்டர் என்ற வெட்டு மெஷின் வைத்திருக்கும் ஒரு கடை. தட்டைத் திருப்பிப் போட்டு கவுண்டர்சிங்க், அதாவது அந்தத் திருகுத் தலைப் பள்ளம், அடிக்க தனியாக 400 ரூபாய் கேட்டார்கள். வீட்டில் டிரில் இருக்கிறதே, நாமே அடித்துக்கொள்ளலாம் என்று மிச்சம் பிடித்தேன். அந்த 400 ரூபாய்க்கு இதுவரை ஆன வட்டியைக் கணக்குப் போட மனசு வரவில்லை.

ஓட்டிப் பார்ப்பது சேலத்தில் ஆத்தூர் ரோட்டில் மூடிக் கிடக்கும் ஒரு சேகோ ஃபேக்டரியின் களத்தில். ஜவ்வரிசி காயப்போட்ட சிமென்ட் தளம், மட்டமாக, அகலமாக இருக்கும். ஒரே தொல்லை, இடுக்குகளில் தங்கிப்போன பழைய மாவு. எவ்வளவு கூட்டினாலும் நாலாவது ரவுண்டில் டயர் விபூதி பூசிக்கொண்டு வரும். அதனால் பிடி குறைகிறதா, வண்டி சரியில்லையா என்று முதல் வாரம் எனக்கே குழப்பம். ஆனால் மாவு இடது, வலது பார்த்தா வழுக்கும்? இடது வளைவில் மூக்கு திரும்பவே மாட்டேன் என்று வெளியே போகிறது. வலது வளைவில் பின்பக்கம் படக்கென்று பிய்த்துக்கொண்டு சுற்றுகிறது. டயர்களை இடம் மாற்றினேன். ஷாக் நான்கையும் பிரித்து எண்ணெய் மாற்றினேன். டிரூப், அதாவது வண்டியைத் தூக்கினால் சக்கரம் எவ்வளவு தொங்குகிறது என்பதையும் பார்த்தேன். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டிரோல் பார் இரண்டையும் கழற்றிவிட்டும் ஓட்டினேன். ஒன்றும் மாறவில்லை.

அப்புறம்தான் செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் மாமா ஞாபகம் வந்தது. கொலுசு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு அங்கே ஒன்றுக்கு நான்கு இருக்கிறது, எல்லாம் 600 கிராம் வரை தாங்கும். டூரிங் காரின் ஒரு சக்கரத்துக்கு எப்படியும் 350 கிராமுக்குப் பக்கம்தான் வரும். இதைவிட வேறென்ன வேண்டும்? காரைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

“டேய், குண்டுமணி எடை பாக்குற தராசுடா அது. அதுல போயி காரை ஏத்துற?”

“கழுவித் துடைச்சுட்டுத்தான் மாமா கொண்டாந்தேன்.”

நான்கு தராசையும் கண்ணாடிப் பலகை மேல் மட்டம் பார்த்து வைத்து, பேட்டரியோடு காரை ஏற்றினேன். முன் இடது 331, முன் வலது 358, பின் இடது 362, பின் வலது 335. மொத்தம் 1386. இடது பக்கம் 693, வலது பக்கமும் 693. கணினியில் பேட்டரியையும் மோட்டாரையும் நகர்த்தி நகர்த்தி வைத்த பலன், அதில் எனக்கு ஒரு பெருமை. ஆனால் மூலைவிட்டத்தைக் கூட்டியதும் பெருமை இறங்கிவிட்டது. முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 720, மற்ற ஜோடி 666. 54 கிராம் ட்வீக், அதாவது வண்டியின் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. கயிறு பின்னிய கட்டிலில் ஒரு கால் குட்டையாக இருந்தால் எப்படியோ, அப்படி. இடது வளைவில் முன் வலது டயர் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமக்கிறது, வண்டியை வெளியே தள்ளாமல் என்ன செய்யும்?

டாப் டெக் திருகுகளைத் தளர்த்தி, வண்டியை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு மறுபடி இறுக்கும் வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செய்தேன், 6 கிராமுக்கு வந்தது. இரண்டு பேட்டரி ஓட்டியதும் பழையபடி 50க்கு மேல் போய்விட்டது. இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. முறுக்கு டாப் டெக்கில் இருந்தால் ஒருமுறை சரி செய்ததும் நிற்க வேண்டும். திரும்பத் திரும்ப வருகிறது என்றால் கீழே ஏதோ நகர்கிறது.

எல்லாவற்றையும் கழற்றி, வெறும் தட்டை 8 மி.மீ. கண்ணாடி மேல் வைத்தேன். சப்பென்று உட்கார்ந்தது. பல்க்ஹெட்டை ஒவ்வொரு திருகாகப் பூட்டி, மூலைகளில் சிகரெட் தாளைச் செருகிப் பார்த்தேன். முன் வலது பல்க்ஹெட்டின் இரண்டாவது திருகை இறுக்கியபோது பல்க்ஹெட் ஒரு மயிரிழை திரும்பியது கண்ணுக்கே தெரிந்தது. திருகைக் கழற்றி பள்ளத்தின் விளிம்பை காலிப்பரில் அளந்தேன். துளைக்கு ஒரு பக்கம் 1.7, மறுபக்கம் 1.3. பள்ளம் துளையின் நடுவில் இல்லை. கூம்புத் தலை பள்ளத்தின் நடுவைத்தான் தேடிப் போகும், போகிற வழியில் பல்க்ஹெட்டையும் இழுத்துக்கொண்டு போகும். இப்படி இழுபட்ட பல்க்ஹெட் மேல் டாப் டெக்கைப் பூட்டினால் தட்டு முறுக்காமல் இருக்குமா?

அதோடு முடியவில்லை. பள்ளப்பட்டியில் தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் என் கவுண்டர்சிங்க் பிட்டைக் காட்டினேன். கையில் வாங்கியவர் ஒரு கோணமானியை வைத்துப் பார்த்துவிட்டு, “இது 90 இல்லீங்க தம்பி, 82” என்றார். செட்டாக மலிவாக வருகிறதே என்று வாங்கியது. 82 டிகிரி அமெரிக்க அங்குலத் திருகுகளுக்கு. நம் எம்3 (3 மி.மீ. மெட்ரிக்) திருகின் தலை 90. வீட்டுக்கு வந்து திருகுத் தலையில் மார்க்கர் மையைப் பூசி, இறுக்கிக் கழற்றிப் பார்த்தேன். மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய ஒரு வளையம் தேய்ந்திருந்தது, மீதி மை அப்படியே இருந்தது. தலை முழுசாக உட்காரவே இல்லை, விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஓட ஓட அந்தக் கார்பன் விளிம்பு நசுங்கும், திருகு தளரும், முறுக்கு திரும்பி வரும். கார்பன் வைத்து விளையாடுகிற யாரும் இந்த மார்க்கர் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

லேத் அண்ணன் 90 டிகிரி பிட் ஒன்றின் முனையில் 2.98 மி.மீ. பைலட், அதாவது வழிகாட்டும் குச்சி ஒன்றைக் கடைந்து கொடுத்தார். பைலட் துளைக்குள் போய்விடுவதால் பிட் நடுவை விட்டு அலைய வழியில்லை. கை டிரில்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் பட்டறை டிரில் பிரஸ்ஸிலேயே ஆழத்துக்கு ஸ்டாப் வைத்து அடித்தோம், 1.5 மி.மீ. ஆழம். கூலி கேட்டால் சிரிக்கிறார். மாம்பழ சீசனில் ஒரு கூடை மல்கோவா கொடுத்துவிட வேண்டும்.

கார்பனில் இன்னொரு தட்டு வெட்டத் துணிச்சல் வராததால், சர்க்யூட் போர்டு செய்யும் எஃப்ஆர்4 என்ற கண்ணாடி இழை ஷீட் 2.5 மி.மீ. வாங்கி, அதில் வெட்டிய தட்டில்தான் இந்தப் பள்ளங்களை அடித்தது. 18 கிராம் கூடிவிட்டது, போகட்டும். மறுபடி மாமா பட்டறை: 348, 349, 354, 353. மூலைவிட்ட வித்தியாசம் 2 கிராம். நேற்று களத்தில் ஐந்து பேட்டரி ஓட்டி, அப்படியே கொண்டுபோய் நிறுத்தேன், 3 கிராம். மாமாவே எட்டிப் பார்த்து, “இப்ப சரியாயிடுச்சா?” என்றார்.

அடுத்த கார்பன் ஷீட் எங்கே வாங்குவது என்பதுதான் இப்போது யோசனை. போன தடவை ஆன்லைனில் எடுத்தது 2.25 என்று பெயர், ஒரு ஓரத்தில் 2.12தான் இருந்தது. கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. இழையின் திசையையும் கேட்டு வாங்க வேண்டும். நீளவாக்கிலும் குறுக்கிலும் மட்டும் இழை ஓடினால் வளைவதற்குத் தாங்கும், முறுக்குவதற்குத் தாங்காது. 45 டிகிரியில் சில அடுக்காவது வேண்டும். ஏற்காட்டில் இருக்கும் நண்பன் வேறு, இருபது கொண்டை ஊசி மாதிரியே மேலே ஒரு தளத்தில் டிராக் போடலாம், குளிருக்கு மோட்டாரும் சூடாகாது என்று உசுப்பேற்றிக்கொண்டிருக்கிறான். பாடிக்கு இன்னும் பெயின்ட் கூட அடிக்கவில்லை.

அதற்கு முன் ஒன்று. எஃப்ஆர்4 கார்பனைவிடக் குழைவு என்பதால் முழு த்ராட்டிலில் பின் பெல்ட் டாப் டெக்கின் அடியை உரசுகிறது. நேற்று கழற்றும்போது அங்கே கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. இப்போதைக்கு அரத்தை எடுத்து அந்த இடத்தில் 1 மி.மீ. ராவிக்கொண்டிருக்கிறேன்.