கழுத்து வலியும் கைரோபிராக்டிக் சிகிச்சையும்: முன்பணம் கட்டுவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டியவை

பன்னிரண்டு சிட்டிங்கிற்கான பணத்தை மொத்தமாகக் கட்டி, ஐந்தோடு நிறுத்திக்கொண்டு, மீதியைத் திரும்பப் பெற ஏழு வாரம் அலைந்த பிறகு இதை எழுதுகிறேன். கழுத்து வலிக்கோ முதுகு வலிக்கோ கைரோபிராக்டிக் (முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தியும் திருப்பியும் செய்யும் சிகிச்சை) பார்க்கலாம் என்று எண்ணுகிறவர்களில் ஒருவருக்காவது இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

நான் பெரம்பூரில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. விடைத்தாள் திருத்தும் மாதங்களில் கழுத்து பிடித்துக்கொள்வது எனக்குப் புதிதல்ல. இம்முறை வலி வலது தோள் வழியாகக் கைக்கு இறங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகத் தொடங்கின. உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் சொன்னதன் பேரில், அடையாறு பக்கம் உள்ள ஒரு கிளினிக்கில் தொலைபேசி வழியாக நேரம் வாங்கினேன். “நேரா வாங்க மேடம்” என்றார்கள். 29சி பேருந்தில் நின்றபடியே போய் இறங்கினால், எக்ஸ்ரே படம் இல்லாமல் உள்ளே அனுப்ப இயலாது என்று வரவேற்பில் இருந்தவர் சொல்லிவிட்டார். என் கையில் இருந்தது அறிக்கைத் தாள் மட்டும். படம் வீட்டில் பீரோவின் மேல் கிடந்தது. தொலைபேசியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “எல்லாரும் கொண்டு வருவாங்களே மேடம்” என்பதுதான் பதில். அரைநாள் விடுப்பு வீணானது. நேரம் வாங்கும்போதே, படம் வேண்டுமா, அறிக்கை போதுமா, கைப்பேசியில் உள்ள நகலை ஏற்பார்களா என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

மறுமுறை போனபோது பணம் கட்டியதும் இரண்டு பக்க ஆங்கிலப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். கடைசி வரியின் மேல் வரவேற்பில் இருந்தவர் விரலை வைத்துக் காட்டினார். காட்டிய இடத்தில் கையெழுத்திட்டேன். கழுத்தை வேகமாகத் திருப்பும் சிகிச்சையில் மிக அரிதாகக் கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும் என்று அதில் இருந்ததை, வீட்டுக்கு வந்த பிறகே படித்தேன். அரிது என்பது உண்மை. யாரையும் அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆயினும், படுக்கையில் படுப்பதற்கு முன் ஒருவர் எனக்கு வாயால் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. விரல் மரத்துப்போவதை நானாகவே சொன்னேன்; அதை அவர்கள் குறித்துக்கொள்ளக்கூட இல்லை.

என் எதிர்பார்ப்பும் தவறாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிறுமியாக இருந்தபோது அப்பாவுடன் முடிதிருத்தும் கடைக்குப் போவேன். சவரம் முடிந்ததும் கடைக்காரர் அப்பாவின் தலையை இருபுறமும் திருப்பி நெட்டி எடுப்பார். படக்கென்ற அந்தச் சத்தத்தில் வலி போய்விட்டது என்று நான் நம்பினேன். கிளினிக்கிலும் அந்தச் சத்தத்தைத்தான் எதிர்பார்த்துக் கிடந்தேன். முதல் நாள் நான்கு முறை கேட்டது. மாலை முழுவதும் உடம்பு இலேசாக இருந்தது. மறுநாள் காலையில் குனிந்து கோலம் போட முடியாதபடி கழுத்தும் தோளும் இறுகிவிட்டன. கிளினிக்கில் பதினொரு மணி வரை யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. ஓரிரு நாள் இப்படி வலிப்பது பலருக்கும் வழக்கம்தானாம். அந்த ஒரு வாக்கியத்தை முந்தின நாளே சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மூன்றாம் சிட்டிங்கில் கழுத்தில் சத்தமே வராதபோது, இன்னொரு முறை திருப்பும்படி நானே கேட்டேன், சிகிச்சை தந்தவரும் செய்தார். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உருவாவதால் எழும் ஒலிதான் அது என்றும், சத்தம் வந்தால் எலும்பு இடத்தில் சேர்ந்துவிட்டது என்று பொருளில்லை என்றும் பின்னர் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் விளக்கியபோது, நான் கேட்டு வாங்கிய அந்தத் திருப்பலை நினைத்து உண்மையிலேயே நடுங்கினேன்.

எனக்கிருந்த இடுப்புப் பிடிப்பு அங்கே நன்றாகக் குறைந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. புதிதாக வந்த இடுப்பு வலிக்கு வெப்ப ஒத்தடம், மசாஜ் ஆகியவற்றுடன் இவ்வகைக் கைச்சிகிச்சையையும் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு தன் 2017 வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது. எந்தச் சிகிச்சை எடுத்தாலும் பெரும்பாலானோருக்கு நாளடைவில் வலி குறையும் என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. என் விரல் மரப்போ ஐந்தாம் சிட்டிங் வரை அப்படியே இருந்தது. இன்னும் எத்தனை முறை வர வேண்டும், எது குறைந்தால் நிறுத்தலாம் என்று சிகிச்சை தந்தவரிடம் கேட்டேன். “உடம்பே சொல்லும்” என்றார். அன்றோடு நிறுத்தினேன்.

அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று காட்டியபோது, மருத்துவர் சிறு சுத்தியலால் முழங்கையைத் தட்டி, தம் விரல்களை இறுகப் பற்றச் சொல்லிப் பார்த்து, கழுத்தில் நரம்பு அழுந்துகிறது, கழுத்தைத் திருப்பும் சிகிச்சை இப்போது வேண்டாம் என்றார். சிறுநீர் கட்டுப்படாமல் போதல், உட்காருமிடம் மரத்தல், கைகால் வலுவிழத்தல், வலியுடன் காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்றும் எச்சரித்தார். பிசியோதெரபி, சுகாதாரத் தொழில்களை முறைப்படுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. கைரோபிராக்டிக்கிற்கு நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆகவே சிகிச்சை தருபவர் எங்கே, என்ன படித்தார் என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

இனி பணம். 12,000 ரூபாயில் எதுவும் திரும்பாது என்றார்கள். ரசீதில் அப்படி ஒரு வரி இல்லை என்பதைக் காட்டி, எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அதற்கும் அசையாதபோது, நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யப்போவதாக இரண்டாம் கடிதத்தில் எழுதினேன். நான்கே நாளில் அழைப்பு வந்தது. சலுகை விலையை விட்டுவிட்டு, தனிச் சிட்டிங் கட்டணமான 1,200 வீதம் ஐந்துக்குக் கழித்துக்கொண்டு 6,000 ரூபாய் தந்தார்கள். கையெழுத்திடச் சொன்ன தாளில், சிகிச்சை முழு மனநிறைவு தந்தது என்று ஒரு வரி இருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் காத்திருக்க, தாளை முழுதும் படித்து, அந்த வரியை அடித்துவிட்டு, அடித்த இடத்தில் தேதியும் எழுதிக் கையெழுத்திட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டேன்.